இயற்கை நீர் என்று ஒட்டிய பரல்கள்

சென்ற மாதம் எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது இரண்டு பெண்பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். இருவரும் பலெர்மோவிலேயே வளர்ந்தவர்கள். இரசாயனத் தொழில்நுட்பப் பள்ளியில் இந்த ஆண்டுதான் படித்து முடித்தவர்கள். பெரியவளின் கையில் பத்திரிகையிலிருந்து கிழித்தெடுத்த விளம்பரம் இருந்தது. எரிமலை ஏரி நீரிலிருந்து கட்டடப் பொருள் தயாரிக்கப்போகும் ஒரு நிறுவனத்துக்கு ஆய்வுகூடத்தில் ஆட்கள் தேவையாம்.

“அக்கா, நீங்கள் உந்த வேலை செய்து ரிட்டயர் ஆனனீங்கள்தானே? எங்களுக்கு ஒருக்காச் சொல்லுங்கோவன்.”

“முப்பத்தி நாலு வயசில பென்சியோனாத்தா!” என்று சின்னவள் சிரித்தாள். “அக்கா, எனக்கும் அப்பிடி ஒரு பென்ஷன் எடுத்துத் தாங்கோ.”

நானும் சிரித்தேன். பிறகு விளம்பரத்தை வாங்கி வாசித்தேன். நிறுவனத்தின் பெயர் எனக்குத் தெரியாத பெயர். ஆனால் மூலப்பொருள் என்ன என்று சொல்லும் இடத்தில் இரண்டே சொற்கள் இருந்தன: இயற்கை நீர். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று அவர்களுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்வது தொழில்நுட்பம் படித்தவளுக்கு அழகல்ல என்று நினைத்தேன். இப்போது ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். கோபம் குறையவில்லை, ஒழுங்குக்கு மட்டும் வந்திருக்கிறது.

நான் ஓய்வு பெற்றதாகச் சொல்வது சங்கத்துப் பகிடி. எனக்கு மாலை போடவில்லை, படம் எடுக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. பிறகு இந்த நகரத்தில் எந்த ஆய்வுகூடத்துக்கு விண்ணப்பித்தாலும், “ஓ, அந்தப் பரல் விவகாரத்தில் சாட்சி சொன்னவர் நீங்கள்தானா?” என்று மரியாதையாகக் கேட்டு, மரியாதையாக அனுப்பிவிட்டார்கள்.

படித்த கதை சுருக்கமானது. யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் விஞ்ஞானம். பரீட்சைக்கு முன்பே யுத்தம் வீட்டுக்கு வந்துவிட்டது. பத்தொன்பது வயதில் பலெர்மோவில் இருந்த அக்காவிடம் வந்தேன். காலையில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய வீட்டம்மாவின், வீட்டில் துப்புரவு வேலை, மாலையில் தொழில்நுட்பப் பள்ளி. இத்தாலிய மொழியை அரைவாசி வகுப்பிலும் அரைவாசி சந்தையிலும் கற்றேன். சான்றிதழ் கிடைத்தபோது வகுப்பில் நான் மட்டும்தான் வெளிநாட்டுக்காரி. அந்தச் சான்றிதழால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது: சான்றிதழ் உள்ள ஒருவர் ஆய்வுகூடத்தில் இருக்கிறார் என்று காட்டவேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது.

திட்டத்தை எளிதாகச் சொல்கிறேன். இந்தோனேசியாவில் ஒரு தீவில், எரிமலை வாய்க்குள் ஓர் ஏரி. பச்சையும் பாலும் கலந்த நிறம். அந்த நீர் நீரல்ல. சல்பூரிக் அமிலமும் ஐதரோகுளோரிக் அமிலமும் கரைந்த கலவை. கார் பற்றரிக்குள் இருக்கும் அமிலத்துக்கும் இதற்கும் அவ்வளவு தூரமில்லை. இங்கே சிசிலியில் மாபிள் அறுக்கும் இடங்களில் வெள்ளைச் சேறு மலைபோலக் குவிந்து கிடக்கிறது, கொட்ட இடமில்லை. அந்த அமிலத்தில் இந்தச் சேற்றைப் போட்டால் ஜிப்சம் கிடைக்கும். ஜிப்சத்திலிருந்து சாந்தும் பலகையும் செய்யலாம். நகரத்தின் கால்சாப் பகுதியில் பழைய மாளிகைகளைத் திருத்திக்கொண்டிருந்த காலம், சாந்துக்குத் தேவை இருந்தது. யாருக்கும் வேண்டாத அமிலத்தையும் யாருக்கும் வேண்டாத சேற்றையும் சேர்த்துப் பயனுள்ள பொருளாக்குவது நல்ல யோசனைதான். இதை இப்போதும் சொல்வேன். நான் கோபப்படுவது யோசனையோடு அல்ல.

ஏரி நீர் நீலப் பிளாஸ்ரிக் பரல்களில், ஆள் இடுப்புயரப் பீப்பாய்களில், கப்பலில் வந்தது. நகரத்துக்கு வெளியே தொழிற்பேட்டையில் ஒரு பழைய எலுமிச்சைப் பொதியிடும் கொட்டகையைப் பரிசோதனை ஆலையாக மாற்றியிருந்தார்கள். என் நாள் இப்படிப் போகும். முதலில், புதிதாக வந்த பரல்களிலிருந்து மாதிரி எடுப்பேன். மேலிருந்து கொஞ்சம், அடியிலிருந்து கொஞ்சம், ஏனென்றால் அடியில் படிவு வேறு. பிறகு அமிலத்தின் வலிமை, சல்பேட், குளோரைட், இரும்பு, அலுமினியம். கடைசியாகப் புளோரைட். அதற்கு மட்டும் பிளாஸ்ரிக் பாத்திரம். புளோரைட் உள்ள அமிலம் கண்ணாடியைத் தின்னும். கண்ணாடியில் அளந்தால் பாத்திரத்தையும் சேர்த்து அளந்ததாகிவிடும் என்று எங்கள் ஆசிரியர் சொல்லித் தந்திருந்தார்.

ஆலையில் ஏரி நீரை முதலில் சூடாக்கிக் கெட்டியாக்குவோம். அப்போது எழும் ஆவியை வெளியே விட முடியாது, தொண்டையை அறுக்கும். குழாயில் குளிரவைத்து நீராக்கி, அதே வகைப் புதுப் பரல்களில் பிடித்துவைப்போம். இதைக் கவனமாக வாசிக்கவேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஏரி நீர் பார்க்கவே பயமாக இருக்கும்: கலங்கல், பச்சை, கெட்ட முட்டை மணம். குளிர்ந்து விழுந்த நீரோ கண்ணாடிபோலத் தெளிவு. ஆனால் சூடாக்கும்போது ஆவியாகி ஓடிவருவது ஐதரோபுளோரிக் அமிலம், நான் கடைசியாக அளக்கும் அந்தப் புளோரைட். இரண்டில் கொடியது தெளிந்ததுதான்.

இரண்டு வகைப் பரல்களிலும் ஒட்டியிருந்த லேபல் ஒன்றே. இயற்கை நீர்.

எங்கள் மேலதிகாரியை எல்லோரும் தொத்தோரே என்றே அழைத்தோம். இரசாயனத்தில் பட்டம் பெற்றவர், நல்ல உடை, நல்ல குரல். ஒருவரையும் ஏசியதில்லை. அவருடைய முறை வேறு. யாராவது குறை சொல்லப் போனால் முதலில் உட்காரச் சொல்வார். தெருமுனையில் இருக்கும் கோப்பி பாருக்குத் தொலைபேசி எடுத்துக் கோப்பி கொண்டுவரச் சொல்வார். கோப்பி வரும்வரை ஒரு வார்த்தை வேலையைப் பற்றிப் பேசமாட்டார்; உங்கள் அக்கா சுகமா, உங்கள் நாட்டில் இப்போது மழையா என்று கேட்பார். கோப்பி வந்து, சீனி கலக்கி, குடித்து முடிக்கும்போது நீங்கள் கொண்டுவந்த சூடு பாதி ஆறியிருக்கும். பிறகு கேட்பார். கேட்டு முடித்து, “வெதியாமோ,” பார்ப்போம், என்பார். இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. ஆனால் அவர் பார்ப்போம் என்ற ஒன்றையும் யாரும் பிறகு பார்த்ததில்லை.

முதல் சண்டை கண்ணாடியால் வந்தது. ஆவி குளிரும் குழாயில் உள்ளே பார்க்க ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் இருந்தது. ஆலை ஓடத் தொடங்கிச் சில வாரங்களில் அது பனி படிந்ததுபோல மங்கிவிட்டது. துடைத்தால் போகவில்லை. நான் தொத்தோரேயிடம் போனேன். உட்கார்ந்தேன். கோப்பி குடித்தேன்.

“சுண்ணாம்புப் படிவு,” என்றார். “பலெர்மோத் தண்ணீர் அப்படித்தான். என் வீட்டுக் குளியலறைக் கண்ணாடியும் இதே கதை.”

“சுண்ணாம்பு என்றால் அமிலத்தில் கரையவேண்டும், தொத்தோரே. அந்தக் குழாய்க்குள் அமிலம்தான் ஓடுகிறது.”

“அப்படியா?”

“கண்ணாடி அரிக்கப்பட்டிருக்கிறது. குளிர்ந்த நீரில் நான் புளோரைட் அளந்தேன். ஏரி நீரைவிடப் பல மடங்கு.”

“சுவாரசியம்,” என்றார். மறுவாரம் கண்ணாடிச் சாளரத்தைக் கழற்றிவிட்டு இரும்புத் தகடு போட்டு மூடினார்கள். இனி மங்குவதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது சண்டை லேபலைப் பற்றியது. தெளிந்த நீர் உள்ள பரல்களில் அமிலம் என்று எழுதி, மண்டையோட்டுக் குறி ஒட்டி, தனி அறையில் பூட்டி வைக்கவேண்டும் என்றேன். தடித்த கையுறை வேண்டும், அவசரத்துக்குக் கல்சியக் களிம்பு வேண்டும் என்றேன். மூன்றுமே சட்டம் கேட்பவை, என் கண்டுபிடிப்பு அல்ல.

இந்த முறை அவர் கோப்பிக்குப் பிறகு கொஞ்சம் மனம் திறந்தார்.

“சிஞ்ஞொரீனா, யோசித்துப் பாருங்கள். அமிலம் என்று எழுதினால் துறைமுகத்தில் வேறு வழி, வேறு அனுமதி, வேறு காப்புறுதி. இந்தக் கொட்டகைக்கே அனுமதி இல்லாமல் போகும். இது ஒரு தொழிற்சாலை செய்த பொருளா? கடவுள் செய்த ஏரி. இயற்கைக்கு மண்டையோடு ஒட்டுவதா?”

“ஏரி நீரை நாங்கள் காய்ச்சுகிறோமே.”

“உங்கள் வீட்டிலும் தண்ணீர் காய்ச்சுகிறீர்கள். தேநீருக்கு லேபல் ஒட்டுகிறீர்களா?” என்று சிரித்தார். “வெதியாமோ.”

நான் எழுத்தில் கேட்டேன். அவர் வாயால் பதில் சொன்னார்.

ஆலையில் வேலை செய்தவர்களில் என்னைத் தவிர எங்கள் ஆள் ஒருவர் மட்டும்தான், அன்ரன் அண்ணை. மன்னார்க்காரர். நாற்பது வயதிருக்கும், மனைவி ஸ்ரெல்லா, இரண்டு பிள்ளைகள், கால்சாவில் நிலமட்டத்தில் ஒரு வீடு. வடிகட்டி கழுவுவது, பரல் உருட்டுவது, குழாய் மாற்றுவது எல்லாம் அவர். ஆனால் எந்தத் தாளிலும் அவர் ஆலையில் இல்லை. தொத்தோரேயின் சகோதரி பொலிதேயாமாவில் பெரிய வீட்டில் இருந்தார். அன்ரன் அண்ணை அந்தச் சிஞ்ஞோராவின் வீட்டு வேலைக்காரர் என்று ஒப்பந்தம். நாட்டில் தங்கும் அனுமதியான பெர்மெஸ்ஸோவும் அந்த ஒப்பந்தத்தின் மேல்தான். வீட்டு வேலைக்கு அனுமதி எளிது, ஆலை வேலைக்குக் கடினம். இந்த நகரத்தில் வீட்டு வேலைக்காரர் என்ற பெயரில் மீன்சந்தையிலும் கராஜிலும் அச்சகத்திலும் நின்ற எங்கள் ஆண்கள் எத்தனையோ பேர். அன்ரன் அண்ணை கிழமையில் ஒரு நாள் சிஞ்ஞோராவின் மாடிப்படியைக் கழுவிவிட்டு மீதி நாளெல்லாம் அமிலத்தில் நின்றார்.

நான் அவரிடம் தெளிந்த நீரைப் பற்றிப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

“அண்ணை, உது தண்ணி மாதிரித்தான் கிடக்கும். கையை வைச்சிடாதேங்கோ.”

“ஓம் தங்கச்சி,” என்பார். பிறகு சிரித்துக்கொண்டே, “நீர் சொல்லுறீர் விசமெண்டு, ஐயா சொல்லுறார் தண்ணியெண்டு, பரலிலையும் தண்ணியெண்டு கிடக்கு. இரண்டுக்கு ஒண்டு, நீர் தோத்திட்டீர்,” என்பார்.

அது கோடை. பலெர்மோவில் கோடை என்றால் தண்ணீர் முறை வைத்து வரும். மாடிவீட்டுக்காரர்களுக்குக் கூரையில் தாங்கி உண்டு. கால்சாவில் நிலமட்டத்தில் இருப்பவர்கள் வாளியிலும் பரலிலும் பிடித்து வைக்கவேண்டும். அன்ரன் அண்ணை ஒரு காலிப் பரல் கேட்டிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை நான் ஆலையில் இல்லை. முதலீட்டாளர்களுக்குக் காட்டும் கணக்குகளோடு பொலிதேயாமா அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். “எடுத்துக்கொண்டு போ அன்தோனியோ, தண்ணீர்ப் பரல்தானே,” என்று தொத்தோரே சொல்லியிருக்கிறார். இத்தாலியர் வாயில் அன்ரன் அன்தோனியோ.

அங்கே காலிப் பரல்கள் பல இருந்தன. ஏரி நீர் வந்த பரல்களின் உட்புறம் பச்சையாகக் கறைபிடித்து நாறும். அன்ரன் அண்ணை பிள்ளைகள் குடிக்கும் தண்ணீருக்கு அப்படி ஒன்றை எடுப்பாரா? ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, மணமில்லாத, கறையில்லாத, அடியில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் கிடந்த பரலைத் தெரிந்தெடுத்தார். தகப்பனாக எதைச் செய்யவேண்டுமோ அதைச் செய்தார்.

சனிக்கிழமை காலையில் முற்றத்தில் பரலைச் சரித்து, தோள்வரை கையை விட்டு, பஞ்சால் உள்ளே தேய்த்துக் கழுவினார். எரியவில்லை. ஐதரோபுளோரிக் அமிலத்தின் குணம் அது. மற்ற அமிலங்கள் தோலிலேயே கத்தும். இது சத்தமில்லாமல் தோலைக் கடந்து உள்ளே போய், எலும்பிலும் இரத்தத்திலும் உள்ள கல்சியத்தைத் தேடிப் பிடிக்கும். வலி தெரியும்போது அது ஏற்கனவே ஆழத்தில் இருக்கும்.

பின்னேரம் ஸ்ரெல்லா அக்கா மருத்துவமனைக்கு அருகிலிருந்த பாரிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தா. மொழிக்கு ஆள் தேவை என்றா. நான் போனபோது அன்ரன் அண்ணை நெடுங்கதிரையில் குனிந்து, வலது கையை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். கையில் ஏதோ களிம்பு பூசி மெல்லிய துணி சுற்றியிருந்தது. வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம். வலியில் எழும்ப முடியவில்லை.

“என்ன நடந்தது அண்ணை?”

“சிஞ்ஞோரா வீட்டிலை கக்கூசு கழுவேக்கை மூரியாத்திக்கோ பட்டிட்டுது, தங்கச்சி.”

மூரியாத்திக்கோ இந்த ஊரில் துப்புரவு வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்த கழிவறை அமிலம். ஆனால் அவருடைய விரல்களைப் பார்த்தேன். மேலே பெரிதாகக் காயமில்லை. நகங்களுக்குக் கீழே சாம்பல் நிறம்.

“எத்தினை மணிக்குப் பட்டது?”

“காலமை.”

“நோகத் தொடங்கினது?”

“மத்தியானம் சாப்பிடேக்கை.”

“அண்ணை, மூரியாத்திக்கோ அந்த நிமிசமே எரியும். மத்தியானம்வரை பாத்துக்கொண்டிராது.”

அவர் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். ஸ்ரெல்லா அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. “பரல் கழுவினவர் பிள்ளை! ஆலையிலையிருந்து கொண்டுவந்த பரல். நல்ல தெளிஞ்ச தண்ணி இருந்த பரலாப் பாத்து எடுத்தவராம், பெரிய கெட்டிக்காரன்!”

“வாயை மூடடி.”

“நான் மூடினா உம்மடை கை போகும்!”

அன்ரன் அண்ணை இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். “தங்கச்சி, என்ரை பெர்மெஸ்ஸோ வீட்டு வேலைக்கு. ஆலையிலை நிண்டனான் எண்டு தெரிஞ்சா குவெஸ்தூராவிலை பொலிஸ்காரர் கிழிச்சுப் போடுவாங்கள். சின்னவன் இப்பத்தான் பள்ளிக்கூடம் போறான். ஒண்டும் கதையாதையும். கை தன்பாட்டிலை மாறும்.”

“இது மாறாது அண்ணை. விரலோடை நிக்காது.”

அவர் என் கையை விடவில்லை. நான் விடுவித்துக்கொண்டு மருத்துவரிடம் போனேன். என்னைவிடச் சற்று மூத்த பெண். நான் சொன்ன முதல் வசனத்திலேயே அவருடைய முகம் மாறியது. “புளோரைட்டா? நிச்சயமாகவா?” துணியை வெட்டி எறிந்தார், கையைக் கழுவச் சொன்னார், இதயத் துடிப்பைப் பார்க்கும் கருவியைப் பூட்டச் சொன்னார், வடக்கே இருக்கும் நச்சுத் தகவல் மையத்துக்குத் தொலைபேசியில் கேட்டார். எவ்வளவு வலிமை என்று என்னிடம் கேட்டார். நான் அளந்ததைச் சொன்னேன். நிறுவனத்திடமும் உறுதிப்படுத்தவேண்டும் என்றார்.

தொத்தோரே அப்போது ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலோர உணவகம் ஒன்றில் முதலீட்டாளர்களுக்கு மீன் விருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய கைத்தொலைபேசி எண்ணை நான் கொடுத்தேன். மருத்துவர் கேட்டதும் பதில் வந்ததும் எனக்குப் பக்கத்திலிருந்து கேட்டது. பின்னால் கரண்டிச் சத்தமும் சிரிப்பும்.

“எங்கள் பரல்களில் இயற்கை நீர் மட்டும்தான், தொத்தோரெஸ்ஸா. லேபலில் இருக்கிறது. அந்த மனிதர் எங்கள் ஊழியரும் அல்ல.”

இதைத்தான் நான் மன்னிக்கவில்லை. கண்ணாடியை மறைத்ததைப் பேராசை என்று விட்டுவிடலாம். லேபலை மறுத்ததை அனுமதிப் பயம் என்று விட்டுவிடலாம். ஆனால் அவர் பட்டம் பெற்ற இரசாயன அறிஞர். கல்சியம் போடத் தாமதித்தால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு சொல் போதும். மறுநாள் மாற்றிச் சொல்லவும் அவரால் முடியும். அவர் தட்டில் மீனை வைத்துக்கொண்டு தண்ணீர் என்றார்.

மருத்துவர் தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “தண்ணீரால் ஒருவருக்கு இப்படி வலிக்காது,” என்றார். “கல்சியம் போடுகிறேன். வலி இறங்கினால் நீங்கள் சொன்னது சரி.”

விரல்களில் சிறு சிறு ஊசிகளாகப் போட்டார். களிம்பைக் கையுறைக்குள் நிரப்பிக் கையை அதற்குள் விட்டார். ஊசி போடும்போது அன்ரன் அண்ணை யேசுவே, மடுமாதாவே என்று எல்லோரையும் கூப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் தோள்கள் தளர்ந்தன.

“குறையுதோ?” என்றா ஸ்ரெல்லா அக்கா.

“குறையுது.”

“அப்ப இனி உண்மையைக் கதையும்.”

அந்த மாலையே அவர்களுடைய வீட்டுக்குப் போய்ப் பரலை முற்றத்தில் தனியே வைத்து, லேபலுக்கு மேல் பெரிய எழுத்தில் அமிலம் என்று எழுதினேன். நான் கேட்ட லேபல் ஒரு பரலுக்காவது கிடைத்தது.

அடுத்த வாரம் தொத்தோரே என்னை அழைத்தார். கோப்பி வந்தது, நான் குடிக்கவில்லை. ஆலைக்குப் பின்னால் எறிந்திருந்த பரலை யாரோ திருடிக்கொண்டு போனார்கள், அன்ரன் என்பவரை ஆலையில் பார்த்ததில்லை என்று நான் எழுதிக் கொடுத்தால், அவருடைய சகோதரி வீட்டு வேலை ஒப்பந்தத்தைத் தொடர்வார், பெர்மெஸ்ஸோவுக்குப் பயமில்லை. “எல்லோருக்கும் நல்லது,” என்றார். “அவருடைய பிள்ளைகளுக்கும்.”

“பார்ப்போம்,” என்றேன். அவருடைய சொல்லை அவருக்குத் திருப்பிக் கொடுத்தது அந்த ஒரு முறைதான்.

கால்சாவுக்குப் போய் இருவருக்கும் அதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். முடிவு அவர்களுடையது என்றேன்.  பெர்மெஸ்ஸோவுக்காக அன்ரன் அண்ணை எதையும் விழுங்கத் தயாராக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு சொல்லைத்தான் விழுங்க முடியவில்லை.

“திருடினான் எண்டோ சொன்னவர்?”

“ஓம்.”

“நான் கேட்டு எடுத்தனான். அவர் குடுத்தவர். கையைக் காட்டிக் குடுத்தவர்.” பிறகு ஸ்ரெல்லா அக்காவைப் பார்த்தார்.

“என்னைப் பாக்காதையும்,” என்றா அவ. “இந்தக் கையை வைச்சுக்கொண்டு எந்தச் சிஞ்ஞோரா வீட்டிலை இனி வேலை செய்யப்போறீர்? பெர்மெஸ்ஸோவைச் சட்டம்போட்டுச் சுவரிலை கொழுவுறதோ? போய்ச் சொல்லும்.”

விசாரணையின் முடிவுகளை முதலில் எழுதிவிடுகிறேன், அந்தப் பெண்பிள்ளைகள் கேட்பவை அவைதான். அது வேலையில் நடந்த விபத்து என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. பரல்களில் பொய்யான லேபல் ஒட்டியதற்கு நிறுவனத்துக்குத் தண்டம். ஆலை மூடப்பட்டது. கை போனதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. சட்டத்தின் கண்ணில் குற்றம் செய்தது லேபல்தான். அன்ரன் அண்ணைக்குச் சுட்டுவிரலின் நுனியை வெட்டவேண்டி வந்தது. பக்கத்து இரண்டு விரல்களில் இன்றும் உணர்ச்சி இல்லை. பெர்மெஸ்ஸோ பல மாதம் இழுபட்டு, பங்குத்தந்தையும் தொழிற்சங்கமும் அலைந்து, கடைசியில் கிடைத்தது. என் ஒப்பந்தம் முடிந்தது. தொத்தோரேயின் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

பிள்ளைகளே, வேலைக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஏரி நீரில் நல்ல வேலை இருக்கிறது. நேர்முகத்தில் அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: காய்ச்சும்போது எழும் ஆவி எங்கே போகிறது, அந்தப் பாத்திரத்தில் என்ன எழுதப்போகிறீர்கள்? கோப்பி வரவழைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

என் நினைவில் நிற்பது முடிவுகள் அல்ல, விசாரணை நாள்தான். தொழில் பரிசோதகரின் அறை. ஒரு மேசை, வேகம் குறைந்த மின்விசிறி. பரிசோதகர், நிறுவனத்தின் சட்டத்தரணி, அன்ரன் அண்ணை, மொழிபெயர்க்க நான். நான் சாட்சி என்பதால் மொழிபெயர்க்கக் கூடாது என்று சட்டத்தரணி ஆட்சேபித்தார். தமிழ் தெரிந்த வேறு ஒருவரை நீங்கள் கொண்டுவந்தீர்களா என்று பரிசோதகர் கேட்டார். கொண்டுவரவில்லை.

அன்ரன் அண்ணை எல்லாவற்றையும் சொன்னார். எந்த நாளிலிருந்து ஆலையில் நின்றார், என்ன செய்தார், பரலை யார் கொடுத்தார்கள். பரிசோதகர் தட்டெழுதி முடித்துத் தாளை நீட்டினார். அன்ரன் அண்ணை பேனாவை இடது கையில் எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல் மாணலாகத் தன் பெயரை எழுதினார்.

சட்டத்தரணி தாளை வாங்கிப் பார்த்தார். பையிலிருந்து வீட்டு வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் வலது கையால் போட்ட அழகான கையெழுத்து.

“இது அதே மனிதருடைய கையெழுத்தல்ல,” என்றார். “இவர்தான் அந்த அன்தோனியோ என்பதற்கே உறுதி இல்லை. இந்த வாக்குமூலத்தை நான் மறுக்கிறேன்.”

நான் மொழிபெயர்த்தேன்.  

அன்ரன் அண்ணைக்குக் கோபம் வரவில்லை. அவர் வலது கையின் துணிக்கட்டை மெதுவாக அவிழ்த்து, கையை இரண்டு தாள்களுக்கும் நடுவில் மேசைமேல் வைத்தார். சட்டத்தரணி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பரிசோதகர் தள்ளவில்லை.

“அவரிட்டைச் சொல்லும் தங்கச்சி,” என்றார் அன்ரன் அண்ணை. “பழைய கையெழுத்து வேணுமெண்டால் பழைய கையைத் தரச் சொல்லும். இப்பவே போட்டுத் தாறன்.”

ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். பரிசோதகர் ஒப்பந்தத்தை எடுத்துச் சட்டத்தரணியின் பக்கம் திருப்பித் தள்ளிவிட்டு, இடது கைக் கையெழுத்தின்மேல் முத்திரையைக் குத்தினார்.